மெதுவாக எரியும் மருந்தும் டெல்மர் ஸ்கூகும்

பதினெட்டு வருஷமாக இந்தப் பள்ளத்தாக்கில் எனக்கு மிளகு டப்பா என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ரோலி ஃபென்ஸ்கி. அது என் லாரி லைசென்ஸில் இருக்கிறது, வேறெங்கும் இல்லை. கஸ் நடத்தும் சாப்பாட்டுக் கடையில் போய் உட்கார்ந்து முட்டை கொண்டுவரச் சொன்னால், முட்டைக்கு முன்னால் மிளகு டப்பா வந்துவிடும். எவனாவது ஒருவன் மேசையின் அந்தக் கோடியிலிருந்து அதை என் பக்கம் சறுக்கி விடுவான். "கை நடுங்காம போடு" என்பான். கடையே சிரிக்கும். என் முதல் கல்யாண நாளுக்கு மூத்த மச்சினன் ஒரு காகிதப் பை கொடுத்தான். பிரித்தால் உள்ளே இரண்டு மிளகு டப்பா. ஒன்று போதாதாம்.

பெயர் வைத்தவன் டெல்மர் ஸ்கூக். போன வசந்தத்தில் செத்துப்போனான். செத்தவனைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்று பாதிரியார் சொல்கிறார். முடிந்தவரை சொல்கிறேன்.

டெல்மர் மாவட்டத்துச் சாலை வண்டி ஓட்டினான். கோடையில் மண்ரோட்டைச் சமன் செய்வான், குளிர்காலத்தில் பனி தள்ளுவான். ஆற்றுப் பாலத்திலிருந்து நான் வேலை பார்க்கும் மர அறுவை ஆலை வரைக்கும் அவன் வண்டிக்குப் பின்னால் நிற்காத ஆள் இந்த ஊரில் கிடையாது. ஒதுங்கி வழிவிட மாட்டான். "ரோடு எங்கயும் ஓடிப் போகாது" என்பான். எல்லாவற்றிலும் அப்படித்தான். எட்னாவைக் கட்டிக்கொள்ளக் கேட்க வேண்டும் என்று மனதுக்குள் முடிவு செய்து, வாயைத் திறந்து கேட்பதற்குள், எட்னாவின் தங்கைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளை பிறந்துவிட்டது. எட்னா காத்திருந்தாள். ஏன் காத்திருந்தாள் என்று அவளையே ஒருமுறை கேட்டேன். "முன்னாடி அவன் வண்டி போகுதே, எப்படித் தாண்டறது?" என்றாள்.

இப்படிப்பட்டவனுக்கு ஏற்ற மருந்தும் வந்து சேர்ந்தது.

யுத்தத்தில் விமானப் பீரங்கிக்கென்று செய்த வெடிமருந்து அது. யுத்தம் முடிந்தது, மருந்து மலையாக மிஞ்சிவிட்டது. ராணுவம் கழித்ததை வியாபாரிகள் வாங்கி, அட்டைப் பீப்பாயில் அடைத்து, ரயிலில் அனுப்பினார்கள். மாட்டுத் தீவனத்தைவிடக் கொஞ்சம்தான் விலை கூட. பென்சில் கரியைப் பொடிப்பொடியாக நறுக்கியது போல இருக்கும். ரொம்ப மெதுவாக எரியும். அடுப்பில் சுள்ளி வைத்தால் குபீரென்று எரிந்து அடங்கிவிடும், கட்டை வைத்தால் நின்று எரியும் இல்லையா, இது கட்டை. பெரிய தோட்டாக் கூடும் கனமான குண்டும் உள்ள மலை வேட்டைத் துப்பாக்கிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. கூடு நிறையப் போட்டாலும் துப்பாக்கி கோபித்துக்கொள்ளாது. வேறு மருந்தை அப்படிப் போட்டுப் பார்த்தவர்கள் இடது கையால் கையெழுத்துப் போடுகிறார்கள்.

டெல்மர் கஞ்சன். பொட்டலம் கட்டிவந்த கயிற்றைக்கூட நீளம் பார்த்துச் சுருட்டி வைப்பான். மருந்து மலிவு என்று கேள்விப்பட்டதும் மூன்று பீப்பாய் வரவழைத்தான். ரயில்நிலையத்திலிருந்து சாலை வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு அடியில் இருக்கும் நிலவறையில், எட்னாவின் பீச்சுப்பழப் புட்டிகளுக்குப் பக்கத்தில் இறக்கி வைத்தான்.

"என்னது இது?" என்றாள் எட்னா.

"மருந்து."

"யாருக்கு? இந்தியானா மாநிலத்து மேல படையெடுக்கப் போறியா?"

"விலை அப்படி, எட்னா."

"விலை மலிவுன்னா பொணப்பெட்டியும் மூணு வாங்குவியா?"

அந்த யோசனை அவனுக்கு அவ்வளவு மோசமாகப் படவில்லை என்று நினைக்கிறேன்.

அன்றிலிருந்து ஊரில் எந்தத் துப்பாக்கிக்கும் அந்த மருந்துதான். சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளைப் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுத்தால், நசுங்கியதை நேராக்கி, அடியில் பொறி கிளப்பும் புதுக் கேப்பு வைத்து, மருந்து போட்டு, குண்டு சொருகி, பழைய காபி டின்னில் போட்டுத் திருப்பித் தருவான். கூலி வாங்க மாட்டான். நன்றாகச் சுட்டது என்று கஸ் கடையில் பத்துப் பேர் காதுபட நாம் சொல்ல வேண்டும், அதுதான் கூலி. வண்டியை முந்தவிடாதவனை மனிதர்கள் பின்னால் நின்று திட்டிக்கொண்டே இருப்பார்கள், ஆனால் இலையுதிர்காலம் வந்தால் "டெல்மர் தோட்டா" என்று பெருமையாகக் கேட்பார்கள். அவனுக்கு ஊரில் இருந்த மதிப்பு அந்தக் காபி டின்களில்தான் இருந்தது.

தப்பான துப்பாக்கிக்கும் போட்டான். எட்னாவின் தம்பி ஹார்லனிடம் ஒரு குட்டைத் துப்பாக்கி இருந்தது. குழல் முழங்கை நீளம்தான் இருக்கும். அதற்கு இந்த மருந்து ஆகாது, பாதி எரிவதற்குள் குண்டு வெளியே போய்விடும், மீதி வெளியே வந்துதான் எரியும். ஹார்லன் விடியற்காலை புதருக்குள்ளிருந்து ஒரு மானைச் சுட்டான். குழல் முனையில் அடுப்புக் கதவைத் திறந்த மாதிரி தீ. மலை இரண்டு பக்கமும் வெளிச்சம். முன்னாலிருந்த பனியில் எரியாத மருந்து கடுகு தூவியது போல் கிடந்தது.

டெல்மர் ஓடிப் போய், "விழுந்துச்சா?" என்று கேட்டான்.

ஹார்லன் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "கண்ணு தெரிஞ்சதும் பாத்துச் சொல்றேன்" என்றான்.

"குளிருக்கு இதமா இருந்திருக்குமே."

"புருவம் போச்சு மாமா."

"அது வளரும்டா. மெதுவா."

எட்னா மட்டும்தான் அந்த மருந்தை ஒழுங்காகப் பயன்படுத்தினாள். நிலவறைத் தரையில் சிந்தியதைக் கூட்டி வாரி, கொல்லையில் இருந்த ருபார்ப் பாத்தியில் கொட்டுவாள். செடிக்கு அது உரம். இலை ஒவ்வொன்றும் குடை அளவுக்கு வந்தது. அந்தப் புளிப்புத் தண்டை மாவுக்குள் மூடி அவள் சுடும் 'பை' பலகாரத்தை மாவட்டச் சந்தைப் போட்டியில் பரிசில்லாமல் திருப்பி எடுத்து வந்ததில்லை. சிந்தாத நாளில் அவளே சிந்தியிருப்பாள் என்று எனக்குச் சந்தேகம்.

இனி என் விஷயத்துக்கு வருகிறேன்.

தோட்டா செய்வதில் டெல்மருக்கு ஒரு பழக்கம். மெல்லிய நீளச் செம்புக் குழாய் வழியாக மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுக்குள் விடுவான். அப்படி விட்டால் நெருக்கி உட்காரும், இன்னும் கொஞ்சம் பிடிக்கும். கழுத்து வரைக்கும் வந்ததும் அதன் மேலேயே குண்டை வைத்துத் தோட்டா அழுத்தும் கருவியின் கைப்பிடியை இறக்குவான். உள்ளே மருந்து 'கறுக்'கென்று நொறுங்கும். அந்தச் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வான், நம் ஆட்கள் கோயிலில் பாட்டுக் கேட்பது மாதிரி.

"கேட்டியா? உள்ள காலி எடமே இல்ல. காசு குடுத்த மருந்து, காத்தா கெடக்கணும்?"

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கல்யாணமாகி முதல் குளிர்காலம். இறைச்சிப் பெட்டி காலி. ஒரு எல்க் மான் விழுந்தால் மே மாதம் வரைக்கும் கவலை இல்லை, விழாவிட்டால் மாமியார் அனுப்பும் உப்புப் பன்றிக்கறிதான், கூடவே அவள் எழுதும் கடிதமும். டெல்மர் கோடைக் கடைசியில் எனக்கு ஒரு டின் தோட்டா செய்து, நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் உலைக்குப் பக்கத்துப் பலகையில் வைத்திருந்தான். அக்டோபரில் எடுத்துக் கொடுத்தான்.

இரண்டு பேரும் இருட்டோடு மலை ஏறினோம். டெல்மர் எதிர் மேட்டில் தொலைநோக்கியோடு உட்கார்ந்துகொண்டான். நான் பள்ளத்தில் இறங்கினேன். முதல் தோட்டாவை உள்ளே தள்ளியபோதே, துப்பாக்கியின் பின்வாயை அடைக்கும் போல்ட் மூட மறுத்தது. குளிரில் எண்ணெய் இறுகியிருக்கும் என்று உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டி மூடினேன். தப்பு அங்கே ஆரம்பித்தது.

விடிந்தபோது எல்க் காளை தெரிந்தது. கொம்பில் பக்கத்துக்கு ஐந்து கிளை. ஐந்து என்றே எழுதுகிறேன். தூரம் அதிகம், நடுவில் ஓர் ஓடை. கிட்டே போக வேண்டும். உள்ளே தோட்டா வைத்துக்கொண்டு பாறை ஏறக் கூடாது என்பது டெல்மரின் கட்டளை, அதை மீறினால் அடுத்த வருஷம் கூப்பிட மாட்டான். ஆகவே தோட்டாவை வெளியே எடுக்க போல்ட்டைத் திறந்தேன். கூடு மட்டும் வந்தது. குண்டு வரவில்லை. குழலுக்குள் சிக்கி அங்கேயே நின்றுவிட்டது. கூட்டில் அடைத்திருந்த மருந்து முழுக்கத் துப்பாக்கியின் வயிற்றுக்குள் கொட்டியது. விசைக்குள் மருந்து, போல்ட் ஓடும் பள்ளத்தில் மருந்து, மற்ற தோட்டாக்களின் மேல் மருந்து.

மெதுவாகத் தலையைத் தூக்கினேன். காளை தானாகவே ஓடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து நிற்கிறது. கல் எறிந்தால் விழும் தூரம். வேறு தோட்டா போடலாம் என்றால் குண்டு வழியை அடைத்திருக்கிறது. துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்து உதறினேன். மருந்து உதிர்ந்தது, குண்டு உதிரவில்லை. மறுபடி உதறினேன். காளை காதை முன்னால் திருப்பி என்னைப் பார்த்தது. ஓடவில்லை. ஒருத்தன் துப்பாக்கியைக் கவிழ்த்துப் பனிக்கு மிளகு போடுவதை அதுவும் அதற்கு முன்னால் பார்த்திருக்காது. போதுமான அளவு பார்த்துவிட்டு, அவசரமில்லாமல் மரத்துக்குள் போனது.

எதிர் மேட்டில் டெல்மர் எல்லாவற்றையும் தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் வீட்டுக்குப் போய்த் துப்பாக்கியைச் சுத்தம் செய்து முடிப்பதற்குள் கஸ் கடையில் கதை முடிந்து பெயரும் வைத்தாயிற்று. அவன் சொன்ன கதையில் மருந்தே இல்லை. கொம்பைப் பார்த்ததும் புது ஆட்களுக்குக் கை கால் நடுங்குமே, கொம்புக் காய்ச்சல், அது எனக்கு வந்துவிட்டதாம். எதைத் திறப்பது எதை மூடுவது என்று தெரியாமல் மிளகு டப்பா மாதிரி துப்பாக்கியை உதறிக்கொண்டு நின்றேனாம்.

மறுநாள் மீதித் தோட்டாக்களோடு அவன் நிலவறைக்குப் போனேன்.

"யோவ் டெல்மர், அளந்து பாருய்யா. நீ குடுத்தப்ப இருந்ததவிட நீளமா இருக்கு. மருந்தத் திணிச்சு வச்சிருக்க. அது உள்ளேருந்து குண்டை வெளிய தள்ளியிருக்கு."

"தோட்டா வளருமாடா? என்ன, உருளைக்கெழங்கா?"

"ஒலை பக்கத்துல சூட்டுல ரெண்டு மாசம் கெடந்திருக்கு."

"என் துப்பாக்கி இதே தோட்டாவ முழுங்குது."

"உன் துப்பாக்கி பழைய பட்டாளத்துத் துப்பாக்கி. அதுக்குத் தொண்டை பெரிசு. எதப் போட்டாலும் எறங்கும்."

"அப்ப கோளாறு உன் துப்பாக்கித் தொண்டைல. செஞ்ச கம்பெனில போய்ச் சண்ட போடு."

"எனக்குக் கை நடுங்கலய்யா!"

"இப்ப நடுங்குதே" என்றான்.

நடுங்கத்தான் செய்தது, கோபத்தில். எட்னா மேலேயிருந்து, "ரெண்டு பேரும் பை சாப்பிட வர்றீங்களா, இல்ல அங்கயே ஒருத்தருக்கொருத்தர் மருந்து நெரப்பிக்கிறீங்களா?" என்று கத்தினாள். போய்ச் சாப்பிட்டேன். கோபம் வேறு, ருபார்ப் பை வேறு.

அந்தக் குளிர்காலம் முழுக்க உப்புப் பன்றிக்கறி. மாமியார் கடிதங்களில் மிளகைப் பற்றி விசாரித்திருந்தாள்.

அதற்கப்புறம் வருஷா வருஷம் கேட்பேன். மலையில் கேட்பேன், ஆற்றில் மீன் பிடிக்கும்போது கேட்பேன், அவன் வண்டிக்குப் பின்னால் லாரியில் மாட்டிக்கொண்டால் இறங்கி நடந்து போய்ச் சன்னலைத் தட்டிக் கேட்பேன். நடந்தால் அவனை முந்திவிடலாம், அவ்வளவு வேகம். "தப்பு உன் தோட்டாவுலதான்னு ஒரு தடவ சொல்லுய்யா. கஸ் கடைல வேண்டாம், இங்கயே, என் காதுல சொல்லு." கியரை மாற்றிக்கொண்டு, "அந்தக் காளைக்கு அஞ்சு கெளதாண்டா" என்பான். நான் எப்போதும் ஆறு என்பேன். பேச்சு அங்கே திரும்பிவிடும். பதினெட்டு வருஷமும் இந்தச் சந்துக்குள்ளேயே ஓடி ஒளிந்துகொண்டான்.

ஒன்றைக் கவனித்தேன். அடுத்த இலையுதிர்காலத்தில் அவன் நிலவறையில் உட்கார்ந்திருந்தபோது கைப்பிடி இறங்கியது, 'கறுக்' சத்தம் வரவில்லை.

"எங்கய்யா சத்தம்?"

"உனக்குக் காது மந்தம். ஆலைல வேல பாத்தா அப்படித்தான்."

செம்புக் குழாயையும் காணோம். எட்னா அதில் பட்டாணிக்கொடி ஏற்றியிருந்தாள். அதைச் சொல்லிவிட்டு மறுபடி உருளைக்கிழங்கு கதை கேட்க வேண்டுமா?

ராணுவ மருந்து தீர்ந்தது. கடையில் அதே மாதிரி புது மருந்து வந்தது, விலையும் புதிது. டெல்மர் மூன்றாவது பீப்பாயின் அடியைச் சுரண்டிக்கொண்டே காலத்தை ஓட்டினான். பிறகு இருதயம் மக்கர் செய்தது. சாலை வண்டியை வேறொருத்தன் எடுத்துக்கொண்டான், வேகமாக ஓட்டினான், ஊரே அவனைக் குறை சொன்னது.

மார்ச் மாதம் எட்னா போனில் கூப்பிட்டாள். "உன்னத்தான் கேக்கறான். வந்ததும் அடுப்புல இருக்கற ருபார்ப் பைய எடுத்துட்டு அவன்கிட்டப் போ."

பகல் மூன்று மணி வெயில். டெல்மர் சன்னலோரக் கட்டிலில் கிடந்தான். முகம் தோல் மாதிரி இல்லை, மெழுகு மாதிரி இருந்தது.

"கதவச் சாத்து."

சாத்தினேன்.

"சனிக்கெழம ஹார்லன் வர்றான். நெலவறைல இருக்கற தோட்டா எல்லாத்தயும் எடுத்துக்கச் சொல்லிட்டா எட்னா. இப்ப அவன்கிட்ட உன்னுது மாதிரியே ஒரு துப்பாக்கி இருக்கு."

"எடுத்துட்டுப் போகட்டுமே."

"ஒலைக்குப் பின்னாடி, புகபோக்கி சந்துல, நாலு டின் இருக்கு. அதக் குடுக்கக் கூடாது."

"ஏன்?"

சன்னலைப் பார்த்தான். ருபார்ப் பாத்தியில் இன்னும் பனி.

"அந்த வருஷத்துது."

நான் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தேன்.

"சுடலயா?"

"எப்படிடா சுடறது? எல்லாம் வளந்துடுச்சு, என் துப்பாக்கிக்குக்கூட எறங்காது. நீ வந்துட்டுப் போனப்புறம் ராத்திரியே அளந்து பாத்தேன். ஒண்ணுகூட பாக்கியில்ல."

"பிரிச்சுப் போட்டிருக்கலாமே."

"சுத்தியால தட்டித்தான் எடுக்கணும். எட்னா என்ன சத்தம்னு கேப்பா. எட்னாகிட்ட சொன்னா பொழுது சாயறதுக்குள்ள ஊருக்குத் தெரியும். அப்பறம் கஸ் கடைல எவன் என் தோட்டாவ வாங்குவான்?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "தூக்கிப் போடவும் மனசு வரல. நல்ல பித்தள."

"பதினெட்டு வருஷம்யா, டெல்மர்."

"தெரியும்."

"மிளகு டப்பா!"

"பேரு நல்லாத்தான் இருந்துச்சு" என்றான். சிரிப்பு இருமலாகிவிட்டது. தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். "உனக்குக் கை நடுங்கலடா. தொலைநோக்கில பாத்தேன். கல்லு மாதிரி இருந்துச்சு."

அடுப்பிலிருந்து கொண்டுவந்த பையில் ஒரு துண்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன்.

"நாலு டின்னையும் உன் வீட்டுக்குக் கொண்டு போயிடு. எல்லாத்தயும் பிரி. மருந்த எட்னா பாத்தில போடு. ஒரு தோட்டாவ மட்டும் அப்படியே வச்சிக்க."

"எதுக்கு?"

"என்னப் பொதச்சிட்டு வந்து கோயிலுக்கு அடியில இருக்கற கூடத்துல சாப்பாடு போடுவாங்க இல்ல, அங்க எழுந்து கதயச் சொல்லு. நடந்தபடி சொல்லு. நீ வெறுமனே சொன்னா எவன் நம்புவான்? அந்தத் தோட்டாவ மேசைல வச்சுக் காட்டு. நான் அங்க இருக்க மாட்டேன், எனக்கென்ன வெக்கம்?"

"சொல்றேன்."

"எல்லாத்தயும் சொல்லு. தோட்டா என்னுது, திணிச்சது நான், ஊரெல்லாம் பரப்புனதும் நான்."

"ஆறு கெளக் காளைய விட்டேன்னும் சொல்றேன்."

கண்ணைத் திறந்தான்.

"அஞ்சு."

"ஆறுய்யா. நான் கல்லெறி தூரத்துல நின்னேன். நீ எதிர் மேட்டுல இருந்த."

"டேய் ரோலி." அந்த வீட்டில் என் பெயரைக் கேட்டே பல வருஷமாகியிருந்தது. "ஆறு கெளன்னா நான் செஞ்சது ரொம்பப் பெரிசாத் தெரியும்டா. இத்தன வருஷமா அதத்தான் கொறச்சிட்டு வந்தேன். மத்தது எப்படி வேணாச் சொல்லிக்க. காளைக்கு மட்டும் அஞ்சுன்னு சொல்லு."